அன்று மகள் எதைக் காட்ட வந்தாள்?

கேள்வி: எனக்கு 41 வயது. வேலை நிரந்தரமில்லை. வீட்டுக்கடன், மகளின் படிப்பு, எங்கள் முதுமை என்று நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. தினமும் ஜெபிக்கிறேன், பாரம் குறையவில்லை. அடுத்த 20 வருட வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, இரவில் எடுத்துப் பார்க்கிறேன். போன வாரம் எட்டு வயது மகள் எதையோ காட்ட வந்தாள். “அப்புறம்” என்று அனுப்பிவிட்டேன். அதற்குள் கூட்டல் தப்பி, முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. கடவுளை முழுதாக நம்ப என்ன வழி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, தப்பிப்போன கூட்டலைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்கள். மகள் காட்ட வந்தது என்ன என்று எழுதவில்லை. “எதையோ” என்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அது என்ன? வரைந்த படமா? விழுந்த பல்லை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு வந்தாளா? தலையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். அவளுக்காகத்தான் இந்தக் கணக்கே என்பீர்கள். உங்கள் நோட்டில் இருப்பவளுக்கு 18 வயது. பக்கத்தில் வந்து நின்றவளுக்கு எட்டு. பிள்ளை கூப்பிட்டால் தகப்பன் திரும்பிப் பார்க்க வேண்டும். பணம் சேர்ப்பதற்கு முன்னால் வருகிற கடமை அது. அவளைப் பார்த்துக்கொள்ளும்படி கடவுளிடம் கேட்கிறீர்கள். அவர் அவளை உங்கள் கையில்தானே கொடுத்திருக்கிறார்?

சரி, நம்பிக்கைக்கு வருகிறேன். பைபிளில் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாகப் படியுங்கள். எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேல் மக்களுக்கு வனாந்தரத்தில் கடவுள் தந்த உணவு மன்னா. தலைக்கு ஒரு ஓமர் என்ற அளவு, அன்றன்றைக்கு. பயந்துபோய் மறுநாளுக்கென்று சிலர் மீத்து வைத்தார்கள். விடிவதற்குள் அதில் பூச்சி பிடித்து நாறிப்போனது. அதற்காக யாரும் கூடாரத்திலேயே படுத்திருக்கவில்லை. வெயில் ஏறினால் உருகிவிடும் என்பதால் காலையிலேயே போய்ப் பொறுக்க வேண்டும். ஆறாம் நாளில் இரண்டு பங்கு சேர்க்கவும் சொல்லப்பட்டது, ஏழாம் நாள் ஓய்வு என்பதால். அந்தப் பங்கு கெடவில்லை. ஆகவே திட்டம் போடுவதை நான் குறை சொல்லவில்லை. கடனைக் கட்டுங்கள், சேமியுங்கள். ஆனால் 20 வருடத்தை ஒரே ராத்திரியில் பொறுக்கிவிடப் பார்க்கிறீர்கள். எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று தாரும் என்றுதான் இயேசு நமக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் இருக்கிறது. ஜெபித்து முடித்த கையோடு நோட்டைத் திறந்தால், ஒப்படைத்ததை நீங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறீர்கள். பிறகு பாரம் எப்படிக் குறையும்?

இன்னொன்று. கடிதத்தில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த நோட்டு அவருக்குத் தெரியுமா? மாதத்தில் ஒரு நாள், பகலில், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். மற்ற நாட்களில் அது அலமாரியில் அவர் பொறுப்பில் இருக்கட்டும். வீட்டுப் பாரத்தை ஒருவரே ராத்திரியில் ஒளித்துச் சுமப்பதை நான் தியாகம் என்று சொல்லமாட்டேன். அதன் பிறகும் தூக்கம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் முதல் வேலை இன்றைக்கு இருக்கிறது. மகள் தூங்குவதற்கு முன் பக்கத்தில் போய் உட்காருங்கள். “அன்றைக்கு என்னம்மா காட்ட வந்தாய்? அப்பா பார்க்காமல் விட்டுவிட்டேன், தப்புதான்” என்று கேளுங்கள். மறந்துபோச்சு என்று அவள் சொல்லலாம். சொன்னாலும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். வேறு எதையாவது எடுத்துக்கொண்டு வருவாள்.