செக்ஷன் 8 வவுச்சர் வந்துடுச்சு, வீடுதான் கிடைக்கல

கேள்வி: சார் வணக்கம். நியூயார்க் குயின்ஸ்ல ஃப்ளஷிங் பக்கம் இருக்கேன். கிரீன் கார்டு இருக்கு, ஹோம் எய்டா வேலை பாக்குறேன், பிடித்தம் எல்லாம் போறதுக்கு முன்னாடி மாசம் 2,800 டாலர் வருது. வீட்டுக்காரர் கூட இல்ல, ரெண்டு பொண்ணுங்க, 7 வயசு, 11 வயசு. வருஷக்கணக்கா காத்திருந்து இப்பதான் செக்ஷன் 8 வவுச்சர், அதான் வாடகையில ஒரு பங்க அரசாங்கம் கட்டற பேப்பர், வந்துச்சு, 2 பெட்ரூம்னு போட்டிருக்கு. ஏழு வாரமா அலையுறேன், இருபது வீடாவது பாத்திருப்பேன், போன்ல நல்லாத்தான் பேசுறாங்க, வவுச்சர்னு சொன்ன உடனே வீடு போயிடுச்சுங்கறாங்க. ஒரு ஏஜென்ட், மாச வாடகைக்கு 40 மடங்கு வருஷ வருமானம் காட்டணும்ங்கறார். நம்ம ஆளு ஒருத்தர் மட்டும் வவுச்சர் வாங்கிக்கறேன், ஆனா மாசம் 300 டாலர் தனியா கேஷா குடுத்துடுங்கங்கறார், சரின்னு சொல்லிடலாமான்னு இருக்கு. சீட்டு எடுத்த பணம் 4,000 டாலர் அட்வான்ஸுக்கு வெச்சிருக்கேன். இல்லன்னா பேசாம நியூஜெர்சி பக்கம் போயிடலாமா?

பதில்: முதல்ல அந்த 300 டாலர் ஓனருக்கு "வேண்டாம்"னு ஒரு மெசேஜ் போட்டுட்டு வாங்கம்மா, மிச்சத்த அப்புறம் படிக்கலாம்.

ஏன்னா லீஸ்ல இருக்கற வாடகைய தவிர தனியா எதுவும் வாங்க மாட்டேன்னு அவர் வவுச்சர் குடுத்த ஹவுசிங் ஆபீஸோட போடற ஒப்பந்தத்துலயே கையெழுத்து போடறார், மேல வாங்கினா அது மோசடி. மாட்டினா அவருக்கும் தண்டனைதான், ஆனா அவருக்கு வேற வாடகைக்காரங்க கிடைப்பாங்க, உங்களுக்கு இன்னொரு வவுச்சர் கிடைக்காது. 2024 ஜூன்ல நியூயார்க் ஹவுசிங் அத்தாரிட்டி கிட்டத்தட்ட 15 வருஷம் கழிச்சு வெயிட்டிங் லிஸ்ட திறந்தாங்க, ஒரே வாரத்துல 6 லட்சத்துக்கு மேல அப்ளிகேஷன், அதுல குலுக்கல்ல 2 லட்சம் பேருக்குத்தான் லிஸ்ட்லயே இடம். அப்படிப்பட்ட பேப்பர 300 டாலருக்காக பணயம் வெக்கப் போறீங்களா? அதோட ஒரு தடவ கேஷ் குடுத்துட்டா உங்க குடுமி அவர் கைல, அடுத்த வருஷம் 400 கேப்பார், ஹீட்டர் ஓடலன்னு புகார் பண்ணக்கூட உங்களுக்கு வாய் வராது.

சரி, இப்ப கணக்கு. இதுவரைக்கும் என்கிட்ட வவுச்சரோட வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு, தான் எவ்வளவு வாடகை வரைக்கும் பாக்கலாம்னே தெரியாது, வவுச்சர்ல 2 பெட்ரூம்னு இருக்கு சார்ம்பாங்க, அவ்வளவுதான். உங்க வருமானம் வருஷத்துக்கு 33,600. குழந்தைக்கு இவ்வளவுன்னு ஒரு கழிவு உண்டு, ரெண்டு பேருக்கும் சேத்து ஏறக்குறைய 1,000 கழிங்க, 32,600. மாசத்துக்கு 2,717. இதுல 30 சதவீதம் 815 டாலர், இதுதான் உங்க பங்கு, மிச்சத்த ஆபீஸ் நேரா ஓனருக்கு கட்டும். ஆனா ஆபீஸ் கட்டறதுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, பேமென்ட் ஸ்டாண்டர்ட்னு பேரு. அது ஜிப் கோடப் பொறுத்து மாறும், வருஷா வருஷமும் மாறும், அதனால தெரிஞ்சவங்க சொல்ற பழைய நம்பர நம்பாம உங்க ஆபீஸ்லயே கேட்டு, நீங்க தேடற ஒவ்வொரு ஜிப் கோடுக்கும் எழுதி வெச்சுக்கோங்க.

ஒரு பேச்சுக்கு உங்களுக்கு அது 2,900ன்னு வெச்சுக்குவோம். கரண்ட், சமையல் கேஸ் நீங்க கட்டற மாதிரி வீடுன்னா அதுக்கு ஆபீஸ் ஒரு தொகை போட்டு வெச்சிருக்கும், 150ன்னு வைங்க. அப்ப வாடகை 2,750 வீடு கச்சிதமா பொருந்தும், 815ல 150 போக ஓனர் கைக்கு நீங்க குடுக்கறது 665. வாடகை 3,000ன்னா கரண்டோட சேத்து 3,150, வரம்ப தாண்டின 250ம் உங்க தலையில, மொத்தம் 1,065. இதுவும் நடக்கும், ஆனா புதுசா ஒரு வீட்டுக்குள்ள போகும்போது உங்க பங்கு 40 சதவீதத்த தாண்டக் கூடாதுன்னு ரூல், உங்களுக்கு அது 1,086. அதனால 3,050 வாடகை வீட்டுக்கு நீங்க அழுதாலும் அப்ரூவல் வராது, அத போய் பாக்கறதே வேஸ்ட். அந்த கேஷ் ஓனர்கிட்டயே, வேணும்னா லீஸ்லயே ஏத்திப் போடுங்க, அந்த ஏரியா வாடகைக்கு நியாயமான்னு ஆபீஸ் பாத்து சொல்லட்டும்னு நீங்க சொல்லலாம். ஆனா 2,800 சம்பளத்துல 1,065 வாடகைன்னா மாசக் கடைசியில திண்டாட்டம்தான், முடிஞ்சவரைக்கும் 2,750 பக்கமே தேடுங்க.

இன்னொண்ணு, ஸ்கூல் விட்டப்புறம் பொண்ணுங்கள யார் பாத்துக்கறாங்க? பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு மாசம் ஏதாவது குடுத்தீங்கன்னா அத செக்கா குடுங்க, கையெழுத்தோட ரசீது வாங்குங்க. 13 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்கள நீங்க வேலைக்குப் போறதுக்காக பாத்துக்கற செலவ வருமானத்துல கழிப்பாங்க, மாசம் 200ன்னா உங்க பங்குல 60 டாலர் குறையும். இத கேக்காததால வருஷக்கணக்கா கூட கட்டினவங்கள பாத்திருக்கேன்.

40 மடங்கு ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். 2,750க்கு 40 மடங்குன்னா 1,10,000 டாலர், அவ்வளவு சம்பளம் இருந்தா உங்களுக்கு எதுக்கு வவுச்சர்? முழு வாடகைக்கு அந்தக் கணக்கு போடறது தப்பு, உங்க கை பங்குக்குத்தான் போடணும். 665க்கு 40 மடங்கு 26,600, உங்க வருமானம் 33,600, தாராளமா பாஸ். இத வாயால சொல்லாதீங்க, மெசேஜா அனுப்புங்க. நியூயார்க் நகரத்துல 2008ல இருந்து வவுச்சர காரணம் காட்டி வீடு இல்லங்கறது சட்டவிரோதம், வேணும்னே பண்ணினா அபராதம் ரெண்டரை லட்சம் டாலர் வரைக்கும் போகும், பெரிய பில்டிங் ஏஜென்ட்டுக்கு இது நல்லாவே தெரியும். எழுத்துல வந்துச்சுன்னா பாதிப் பேர் குரல் மாறிடும். மாறலன்னா நகர உதவி எண் 311க்கு போன் போட்டு மனித உரிமை கமிஷன் கேளுங்க, தமிழ்ல பேசணும்னாலும் மொழிபெயர்க்க ஆள் கேக்கலாம், அவங்க சில சமயம் ஓனருக்கு நேராவே போன் போட்டு வீடு கைவிட்டு போகறதுக்கு முன்னாடி பேசி முடிச்சு குடுப்பாங்க. ஆனா ஓனரே ஒரு மாடியில இருக்கற ரெண்டு குடும்ப வீட்டுக்கு விலக்கு இருக்கு, குயின்ஸ்ல நம்ம ஆளுங்க வீடு முக்காவாசி அந்த மாதிரிதான், அங்க சட்டம் பேசி பிரயோஜனம் இல்ல, நயமாத்தான் பேசணும்.

ஓனருங்க ஏன் ஓடறாங்கன்னு எனக்கு கொஞ்சம் தெரியும், ஏன்னா நானும் ஓடினவன். எங்க வீட்டு மாடிக்கு வவுச்சரோட ஒரு குடும்பம் வந்தப்ப எனக்கு அவங்க மேல ஒரு சந்தேகமும் இல்ல, ஆபீஸ் பேப்பர், இன்ஸ்பெக்ஷன்னு மாடி காலியா கிடந்தா மார்ட்கேஜ் யார் கட்டறதுன்னுதான் பயம். அப்புறம் சரின்னேன். இன்ஸ்பெக்டர் வந்தார், குழாய் திறந்து பாத்தார், ஜன்னல தூக்கிப் பாத்தார், சமையக்கட்டுல ஒரு பிளக் பாயிண்ட்டுக்கு மூடி இல்ல, ஃபெயில். அந்த பிளாஸ்டிக் மூடி ஹார்ட்வேர் கடையில ஒரு டாலர் கூட இல்ல, அதுக்காக மறுபடி ஆள் வர்ற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு மேல போச்சு. ஆனா அதுக்கப்புறம் 2020 கொரோனா சமயத்துல தெருவுல எத்தனையோ ஓனர் வாடகை வராம முழிச்சப்ப எனக்கு ஆபீஸ் பங்கு மாசம் தவறாம வந்துச்சு. இத ஓனர்கிட்ட சொல்லுங்க, அவர் மனசுல இருக்கற கேள்விக்கு அதான் பதில்.

அதனால கைல ஒரு ஃபைலோட போங்க. வவுச்சர் காப்பி, கடைசி சம்பள ஸ்லிப்புங்க, இப்ப இருக்கற வீட்டு வாடகை ரசீது, ஓனர் நிரப்ப வேண்டிய டெனன்சி அப்ரூவல் ஃபாரம் உங்க பக்கம் பூர்த்தி பண்ணி. வீடு பாக்கும்போதே ஸ்மோக் டிடெக்டர், கார்பன் மோனாக்சைடு அலாரம், பிளக் மூடி, சுடுதண்ணி, உரிஞ்ச பெயிண்ட், ஜன்னல் கம்பி எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து, "இத மட்டும் சரி பண்ணிட்டா இன்ஸ்பெக்ஷன் ஒரே தடவையில முடிஞ்சுடும்"னு அன்னிக்கே ஓனருக்கு அனுப்புங்க. பேஸ்மென்ட் காட்டினா உள்ளயே போகாதீங்க, குயின்ஸ்ல பெரும்பாலானது அனுமதி இல்லாதது, அப்ரூவலும் ஆகாது, 2021 செப்டம்பர் மழையில நகரத்துல 11 பேர் செத்தது அந்த மாதிரி பேஸ்மென்ட்லதான். அப்புறம் ஓனர் பாசமா சாவிய குடுத்தாலும் இன்ஸ்பெக்ஷன் பாஸாகி ஆபீஸ் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி சாமான எறக்காதீங்க, அந்த நாட்களுக்கு ஆபீஸ் பைசா குடுக்காது, முழு வாடகையும் உங்க தலையில விழும். பழைய வீட்டுக்கு நோட்டீஸ் குடுக்கறதும் அதுக்கப்புறம்தான்.

உங்க 4,000 டாலர். அட்வான்ஸ் ஒரு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது, 2019 சட்டம். 2,750 போனா 1,250. முதல் மாச பங்கு 665 போனா 585, வண்டி வாடகைக்கு அதுதான். அப்ளிகேஷன், கிரெடிட் செக் எல்லாம் சேத்து 20 டாலருக்கு மேல வாங்கக் கூடாது. புரோக்கர் கமிஷன் இதுல சேக்கலையேன்னு பாக்கறீங்களா, 2025 ஜூன் 11ல இருந்து ஓனர் வெச்ச புரோக்கருக்கு ஓனர்தான் குடுக்கணும், முன்னாடின்னா வருஷ வாடகையில 15 சதவீதம்னு இந்த வீட்டுக்கே 4,950 போயிருக்கும். ஆனா சீட்டு எடுத்தாச்சுன்னா மிச்ச தவணை மாசா மாசம் கட்டியாகணும் இல்லையா, அத உங்க கணக்குல நீங்க எழுதவே இல்ல. அதனால எச்ஆர்ஏங்கற நகர உதவி ஆபீஸ்ல ஒன் ஷாட் டீலுக்கு, அதாவது ஒரு தடவ குடுக்கற அவசர உதவிக்கு, அப்ளை பண்ணுங்க, அட்வான்ஸுக்கும் வீடு மாறுற செலவுக்கும் குடுப்பாங்க, கிடைக்கும்னு உறுதி இல்ல, கேக்கறதுக்கு காசு இல்ல. கிடைச்சா சீட்டுப் பணத்த அப்படியே வெச்சு தவணைய அடைங்க.

தேதிதான் எனக்கு பயமா இருக்கு. ஊர்ல டிடி எடுத்தா மூணு மாசத்துல காலாவதி ஆகற மாதிரி இதுவும் காலாவதி ஆகும், பணமா மாறுறது ஓனர் கையெழுத்து போட்டப்புறம்தான். குறைஞ்சது 60 நாளாவது குடுக்கணும்னு மத்திய அரசு ரூல், உங்களுக்கு எவ்வளவுன்னு வவுச்சர்லயே கடைசி தேதி போட்டிருக்கும், ஏழு வாரம் போச்சுன்னா 49 நாள், இன்னைக்கே எடுத்துப் பாருங்க. நாள் நீட்டிக்க சொல்லி தேதி முடியறதுக்கு முன்னாடியே எழுத்துல கேக்கணும், முடிஞ்சப்புறம் கேட்டா கதை கந்தல். கூடவே நீங்க பாத்த இருபது வீட்டையும் ஒரு நோட்டுல எழுதுங்க, எந்த தேதி, எந்த தெரு, யார் என்ன சொன்னாங்க. நீட்டிப்பு கேக்கறப்ப இதான் சாட்சி, 311ல புகார் குடுக்கறப்பவும் இதான் சாட்சி. ஏதாவது ஒரு ஓனர் ஃபாரத்துல கையெழுத்து போட்டு நீங்க ஆபீஸ்ல குடுத்துட்டா, அவங்க முடிவு சொல்ற வரைக்கும் அந்த நாட்கள் கணக்குல ஓடாது, அதனால ஒரு வீடு ஒத்து வந்தா யோசிச்சுட்டே ஒரு வாரம் ஓட்டாதீங்க.

ஜெர்சிக்கு போலாம், வவுச்சர கூட எடுத்துட்டுப் போற வழி இருக்கு, அங்கயும் வவுச்சர்னு சொல்லி மறுக்கறது சட்டவிரோதம்தான். ஆனா பேப்பர் ஆபீஸ் விட்டு ஆபீஸ் போகணும், அங்க பேமென்ட் ஸ்டாண்டர்ட் வேற, கார் இல்லாம எடிசன் மாதிரி ஊர்ல ஹோம் எய்ட் வேலை பாக்கறது கஷ்டம். முதல்ல நீட்டிப்புக்கு லெட்டர் குடுங்க, குயின்ஸ்ல இன்னொரு நாலு வாரம் இந்த ஃபைலோட அலைஞ்சு பாருங்க, அப்பவும் ஆகலன்னா ஜெர்சிய பத்தி பேசுவோம்.