பழைய தேதியிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

வணக்கம் மேடம். சிறப்புக் கல்வி பி.எட். அங்கீகார நீட்டிப்புக்காக இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் ஆய்வுக் குழு வரவிருக்கிறது, கற்பித்தல் பயிற்சிப் பதிவேடுகளில் பாதிக்கு மேற்பார்வையாளர் கையெழுத்தே இல்லை, ஒரே மூச்சில் பழைய தேதியிட்டு முடிக்கும்படி முதல்வர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதற்கு மட்டும் இணங்காதீர்கள்.

ஒரே பேனா, ஒரே மை, நாற்பது பக்கமும் ஒரே 'நன்று'. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் வேண்டாம். பயிற்சிப் பள்ளியின் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், குழந்தை வராத நாளில் பாடம் நடந்ததாக எழுதியிருப்பதும் வெளிப்பட்டுவிடும். அப்புறம் உண்மையான பதிவுகளையும் யார் நம்புவார்கள்?

மாறாக, பள்ளியின் வருகையாளர் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக வகுக்கும் பாடத் திட்டம்தான் தனிநபர் கல்வித் திட்டம்; பி.எட். மாணவர்கள் எழுதிய அந்தத் திட்டங்களைக் குழந்தைவாரியாக அடுக்குங்கள். தொடக்க மதிப்பீடு, இலக்கு, இறுதி மதிப்பீடு மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். கையெழுத்து விடுபட்டதை மேற்பார்வையாளர் இன்றைய தேதியிட்ட கடிதத்தில் ஒப்புக்கொள்ளட்டும். ஆய்வுக் குழுவினர் குறை எழுதுவார்கள்தான், குறைக்கு விளக்கம் தரலாம், போலி ஆவணத்துக்கு என்ன விளக்கம் தருவீர்கள்?

இன்னொன்று, ஆசிரியர்கள் கவுன்சிலில் பதிவு செய்திருப்பதைக் காட்டும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டுச் சான்று காலாவதியாகவில்லையா என்று இன்றே பாருங்கள். 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின் 13ஆம் பிரிவு பதிவு இல்லாமல் பணியாற்றுவதையே குற்றமாக்குகிறது. நூலகத்துக்கு வெள்ளையடிப்பதெல்லாம் பிறகு.

முதல்வர் வற்புறுத்தினால், உங்கள் மறுப்பை எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.