தொண்டை மரத்துப்போனால் இளைப்பு அடங்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயது. பள்ளி ஆசிரியை. 9 வருடமாக ஆஸ்துமா. போன மாதம் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். அதற்கு முன் தொண்டை மரத்துப்போக ஒரு ஸ்ப்ரே அடித்தார்கள். அதன் பிறகு அரை மணி நேரம் இருமலே இல்லை! அதே லிக்னோகெய்ன் ஸ்ப்ரேயை மெடிக்கலில் வாங்கி வைத்திருக்கிறேன். தினமும் வகுப்புக்குப் போகுமுன் அடித்துக்கொள்ளலாமா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

தொண்டை மரத்திருக்கும்போது சாப்பாடோ தண்ணீரோ புரையேறினால், இருமி வெளியே தள்ள உடம்புக்குத் தெரியாது. நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கேமரா பரிசோதனை முடிந்ததும் கொஞ்ச நேரம் எதுவும் குடிக்க விடாததும் இதனால்தான். 10 சதவீத ஸ்ப்ரேயை ஒரு முறை அழுத்தினால் 10 மில்லிகிராம் மருந்து வரும். கணக்கில்லாமல் அடித்தால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு இந்த மருந்து உள்ளே போனவுடன் மூச்சுக்குழாய் முதலில் இன்னும் சுருங்கும்.

ஆனாலும் உங்களுக்குத் தோன்றியது வீண் யோசனை இல்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1990களில் கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதே லிக்னோகெய்னை நெபுலைசரில் (மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்கவைக்கும் கருவி) கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் நம்பிக்கை தந்தது. பின்னால் நடந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. இதைச் சோதிப்பதே சிரமம். ஒரு பாதிப் பேருக்கு, அவர்களுக்கே தெரியாமல், வெறும் உப்புநீர் கொடுத்து ஒப்பிட வேண்டும். நாக்கு மரத்தவருக்குத் தன் கையில் இருப்பது எது என்று உடனே தெரிந்துபோகும்.

உங்கள் அரை மணி நேர நிம்மதிக்கு வேறு காரணமும் இருக்கலாம். கேமரா விடுமுன் ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுப்பது வழக்கம். அன்று உங்களுக்கும் கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

நிஜமாகவே தொண்டை மரத்ததால்தான் அடங்கியது என்றால், எனக்கு அது முக்கியமான துப்பு. ஆஸ்துமாவின் வீக்கம் நெஞ்சுக்குள் சின்னக் குழாய்களில் இருக்கிறது. தொண்டையை மரக்கச் செய்தால் அது போகாது. ஆனால் சிலருக்குக் குரல்வளையே தூசிக்கும் வாசனைக்கும் முறுக்கிக்கொள்ளும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கழுத்தில் இறுக்கமும் சத்தமும் வந்தால் அந்தப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். இளைப்பென்று நினைத்து இன்ஹேலரைக் கூட்டிக்கொண்டே போய், பலனில்லாமல் அழுதபடி வந்த ஆசிரியைகளை நான் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கக் கத்திப் பேசும் தொண்டை அது. இதற்கு மருந்தைவிட, பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சி நன்றாகக் கேட்கும்.

அப்புறம், பிரஷருக்கு எனலாபிரில், ராமிபிரில் மாதிரி மாத்திரை போடுகிறீர்களா? அதுவே வறட்டு இருமல் தரும். நெஞ்செரிச்சல், மூக்குச் சளி தொண்டைக்குள் இறங்குவது, இவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் மாட்டும் குழாய்) வைத்து இழுத்து, ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், தொண்டைக் கரகரப்பு குறையும்.

அடுத்த முறை திணறல் வந்தால் முதலில் நிவாரண இன்ஹேலர். அதை எடுக்கும்போதே பக்கத்தில் இருப்பவரை செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், கழுத்தும் சத்தமும் பதியும்படி. அதை உங்கள் நெஞ்சு டாக்டரிடம் காட்டுங்கள்.