உங்களை மிகவும் கவர்ந்த சுவரொட்டி ஓவியர் யார்? ஏன்?

காரைக்குடியில் ப்ளெக்ஸ் கடை நடத்துபவன் என்ற முறையில் நான் சொல்லும் பெயர் ஏ. எம். கசாந்த்ர். 1901-ல் உக்ரைனின் கார்கிவ் நகரில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்து பாரிசில் ஓவியம் பயின்ற இவருடைய இயற்பெயர் அடால்ஃப் மூரோன். 1923-ல் பாரிஸ் மரச்சாமான் கடை ஒன்றுக்கு வரைந்த சுவரொட்டியால் புகழ்பெற்றார்.

1927-ல் 'எத்துவால் து நோர்' (வட நட்சத்திரம்) என்னும் விரைவு ரயிலுக்கு அவர் வரைந்த சுவரொட்டியில் ரயிலே கிடையாது. தண்டவாளங்கள் மட்டும் கீழிருந்து கிளம்பி, தொடுவானில் ஒற்றை நட்சத்திரத்தை நோக்கிப் போய்ச் சேர்கின்றன. இதற்கு ரயில்வேக்காரர்கள் எப்படிச் சம்மதித்தார்கள் என்பதே எனக்கு வியப்பு. ஏனெனில், காதணி விழாவுக்கு ப்ளெக்ஸ் அடிக்க வருபவர், "அண்ணே, மாமன்மார் படம் ஒண்ணுகூட விட்டுறாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் முகங்களை எல்லாம் அடுக்கி முடித்தபின், விழாத் தேதியை எழுத நான் இடம் தேட வேண்டியிருக்கும்.

சுவரொட்டிக்காரன் தந்தி ஊழியனைப் போன்றவன், செய்தி அவனுடையதன்று, பிசகாமல் கொண்டுசேர்ப்பதே அவன் வேலை என்பது கசாந்த்ரின் கருத்து. 1932-ல் டியூபோனே மதுவுக்காக அவர் அடுத்தடுத்து வரைந்த மூன்று படங்களில் அது கண்கூடு: தொப்பி அணிந்த மனிதர் முதலில் கோப்பையைப் பார்க்கிறார், பிறகு குடிக்கிறார், பிறகு மீண்டும் ஊற்றிக்கொள்கிறார்; படத்துக்குப் படம் அவர் உடலிலும் கீழேயுள்ள பெயரின் எழுத்துகளிலும் வண்ணம் ஏறிக்கொண்டே வருவதால், ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பவருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

1936-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய சுவரொட்டிகளைக் காட்சிக்கு வைத்தது. போருக்குப்பின் பெரும்பாலும் நாடக அரங்க வடிவமைப்பில் ஈடுபட்டார். ஈவ் சான் லோரான் என்னும் பிரெஞ்சு ஆடையலங்கார நிறுவனத்தின் கைப்பைகளில் பின்னிக்கிடக்கும் YSL என்ற மூன்று எழுத்துகள் 1961-ல் அவர் வரைந்தவையே. மனச்சோர்வால் அவதிப்பட்டவர், 1968-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களின் ஊர்க்காரன் என்பதாலோ என்னவோ, 1935-ல் அவர் வரைந்த 'நோர்மாந்தி' கப்பலே எனக்கு எல்லாவற்றிலும் மேல். நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் கப்பலின் முகப்பு மட்டும் படம் முழுவதையும் அடைத்து நிற்க, அடியில் பொடிப்பொடியாகச் சில வெள்ளைப் பறவைகள். இணையத்தில் தேடுவோர் அதைக் கைபேசியில் பார்க்காமல் பெரிய திரையில் பாருங்கள். அந்தப் பறவைகள் கண்ணில் படாவிட்டால் கப்பலின் உயரம் பிடிபடாது.