இடைக்கால ஐரோப்பியத் திருச்சபை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நான் படித்தது மேற்கு ஐரோப்பாவின் இலத்தீன் திருச்சபையைப் பற்றி. ஒரே ஒரு வேண்டுகோள். "இடைக்காலத்தில்" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள், அது ஆயிரம் வருடம். எந்த நூற்றாண்டு, எந்த ஊர் என்று சேர்த்துக் கேளுங்கள்.

கல்லூரி மாணவி: பெண்களைக் கோயில் சுவரோடு வைத்து அடைத்தார்களாமே, என்ன குற்றத்துக்கு?

குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை. அவர்களே கேட்டு வாங்கிக்கொண்ட வாழ்க்கை அது. 13, 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். கோயிலை ஒட்டி ஒரு சின்ன அறை. ஆயர் (பிஷப்) அனுமதி தரவேண்டும். அதற்கு முன், கடைசிவரை சோறு போட ஆள் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். உள்ளே போகும் நாளில் செத்தவர்களுக்கான மன்றாட்டுகளைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். அப்புறம் வெளியே வருவதில்லை.

ஆனால் உலகம் அவர்களைத் தேடி வந்தது. ஒரு சன்னல் பீடத்தைப் பார்க்க, இன்னொன்று ஆட்களோடு பேச. இந்தப் பெண்களுக்காக 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வழிகாட்டி நூல் ஒன்று, பேசும் சன்னலுக்குக் கறுப்புத் திரையும் அதில் வெள்ளைச் சிலுவையும் வேண்டும் என்கிறது. பூனை வளர்க்கலாம், மாடு கூடாது. மாடு இருந்தால் தீவனத்தை நினைக்கவேண்டும், அது மேயப்போய்ப் பட்டியில் அடைபட்டால் காவல்காரனிடம் கெஞ்சவேண்டும், நட்டஈடும் கட்டவேண்டும். எழுதியவர் கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்! நார்விச் நகர ஜூலியன் இப்படி வாழ்ந்தவர்தான். 1373 மே மாதம் நோய்ப்படுக்கையில் கண்ட காட்சிகளை எழுதிவைத்தார். ஆலோசனை கேட்க வெளியூரிலிருந்தும் அவரிடம் ஆட்கள் வந்தார்கள்.

ஊசிமுனையில் எத்தனை தேவதூதர்கள் ஆடலாம் என்று வாதாடினார்களாமே?

அப்படி யாரும் வாதாடிய இடைக்கால நூல் கிடைக்கவில்லை. அது பின்னால் வந்தவர்கள் செய்த கேலி. இரண்டு தேவதூதர்கள் ஒரே இடத்தில் இருக்க முடியுமா என்று 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் கேட்டது உண்மை. முடியாது என்றார்.

பூமி தட்டை என்றுதானே சபை போதித்தது?

இல்லை. அக்வினாஸ் தன் பெரிய இறையியல் நூலின் முதல் பகுதியிலேயே, வானியல்காரரும் இயற்கை அறிஞரும் பூமி உருண்டை என்று வெவ்வேறு வழியில் நிறுவுகிறார்கள் என்று போகிறபோக்கில் உதாரணம் காட்டுகிறார். எல்லோருக்கும் தெரிந்ததைத்தானே உதாரணமாகச் சொல்வார்கள்?

கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் பற்றி?

அது கிழக்குச் சிரிய மரபு. அதைப் படித்தவர்களைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: பூசை முழுக்க இலத்தீன். சனங்களுக்கு ஒன்றும் புரியாது. குருக்களின் பலமே அதுதான் அல்லவா?

எந்த நூற்றாண்டு ஐயா? 813-இலேயே பிரான்சின் தூர் நகரில் ஆயர்கள் கூடிய சங்கம், பிரசங்கத்தை மக்கள் பேசும் மொழியில் சொல்லச் சொல்லிவிட்டது. பூசை இலத்தீன்தான், ஆனால் எதற்காக வந்து நிற்கிறோம் என்று மக்களுக்குத் தெரியும். 1215 லாத்தரன் சங்கத்தின்படி வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது), ஈஸ்டரில் நற்கருணை (பூசையில் கிறிஸ்துவின் உடலாக ஏற்கும் அப்பம்). பெரும்பாலோர் அந்த ஒருமுறையோடு சரி. மற்ற நாளெல்லாம் கண்ணால் பார்ப்பதுதான் பக்தி. குரு அப்பத்தை உயர்த்தும்போது மணி அடிக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு கோயிலிலிருந்து இன்னொன்றுக்கு ஓடியவர்கள் உண்டு. வெள்ளை அப்பம் எடுப்பாகத் தெரியட்டும் என்று சில இடங்களில் பின்னால் கறுப்புத் துணி கட்டினார்கள். இங்கிலாந்தில் சில கோயில்களின் மரத்தடுப்பில், முழந்தாளிட்டால் கண் வரும் உயரத்தில் துளை போட்டிருக்கிறது.

அதே ஆசிரியர்: பார்த்தால் போதுமா? இரசக் கிண்ணத்தை மக்களிடமிருந்து ஏன் பறித்தார்கள்?

இது நல்ல கேள்வி. சிந்திவிடுமோ என்ற பயம் ஒரு காரணம். அப்பத்திலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்ற போதனை இன்னொன்று. 1415-இல் கான்ஸ்டன்ஸ் சங்கம், மக்களுக்கு அப்பம் மட்டும் என்பதைச் சட்டமாகவே ஆக்கியது. பொஹேமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) என்ன நடந்தது? கிண்ணத்தைக் கொடியில் வரைந்துகொண்டு போருக்கே போனார்கள். ஒன்றும் புரியாத சனங்களா அவர்கள்?

இடையில் ஒருவர்: ஆக, நீங்கள் சபைக்கு வக்காலத்து!

சபையைக் கண்டித்த பொஹேமியக் குரு யான் ஹுஸ்ஸுக்குப் பாதுகாப்புக் கடிதம் கொடுத்து வரவழைத்து, 1415 ஜூலை 6 அன்று எரித்தது அதே கான்ஸ்டன்ஸில்தான். அதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கவில்லை. சனங்களை மண்ணாங்கட்டி ஆக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

காசு கொடுத்துப் பாவமன்னிப்பு வாங்கினார்கள்தானே?

எந்த நூற்றாண்டு? காசோடு சேர்த்துப் பேசப்படுவது சபை வழங்கிய 'பலன்' (indulgence). அது மன்னிப்பு அல்ல. பாவசங்கீர்த்தனத்தில் மன்னித்த பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையைக் குறைப்பது. காசு விளையாடியது உண்மை.

இடைக்காலத்தில் பூமி தட்டை என்று...

மேலே பாருங்கள்.

6-ஆம் நூற்றாண்டு, மோன்ட்டே கசினோ: பெனடிக்டின் துறவிகள் திராட்சை மது குடித்தார்களா?

ஊரோடு கேட்டீர்கள், வாழ்க. குடித்தார்கள். துறவிக்கு மது ஆகாதுதான், ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை அப்படி நம்பவைக்க முடியாது, அளவோடாவது குடிக்கட்டும் என்கிற தோரணையில் அந்த மடத்தை நிறுவிய பெனடிக்டே விதி எழுதியிருக்கிறார். நாளுக்கு ஒரு ஹெமினா (பழைய ரோமானிய முகத்தலளவு), ஊரின் நிலையோ வேலையோ கோடை வெயிலோ கேட்டால் மடத்துத் தலைவர் விருப்பப்படி கூடுதல். அதோடு ஒரு பவுண்டு ரொட்டி. இராச்சாப்பாடு உள்ள நாளென்றால் அதில் மூன்றில் ஒரு பங்கைப் பண்டகக் காப்பாளர் முன்கூட்டியே எடுத்துவைத்துவிடுவார்.