சியாலிடேஸ் குறைபாடு: தோட்டப்புற வாசகர்களுக்குப் பதில்கள்

ஐயா, சல்லா நோயும் சியாலிடோசிஸும் ஒன்றா?

இல்லை. சியாலிடோசிஸில், சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியிலுள்ள சியாலிக் அமிலத்தை வெட்டும் சியாலிடேஸ் நொதி குறைகிறது. சல்லா நோயில் அந்த அமிலம் ஒழுங்காக வெட்டப்படுகிறது; அதை லைசோசோமிலிருந்து, அதாவது செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் பையிலிருந்து, வெளியேற்றும் புரதம்தான் பழுதாகிறது.

தங்கை மகனுக்கு நியூராமினிடேஸ் குறைவென்று அறிக்கை வந்துள்ளது. நோய் உறுதிதானே? (தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்)

உறுதியன்று. அறிக்கையில் ஒரு வரியை மட்டும் எழுதி, மாதிரியை எப்போது எடுத்தார்கள், எப்படி அனுப்பினார்கள் என்பதை விட்டுவிட்டால் நான் சோதிடமா சொல்வது? நியூராமினிடேஸ் என்பது சியாலிடேஸின் மறுபெயர்; நியூ1 (NEU1) எனப்படும் இந்த நொதி எளிதில் கெடுவது. உறைந்து உருகினாலே செயல்திறனை இழந்துவிடும். வெள்ளிக்கிழமை கிளினிக்கில் எடுத்த இரத்தம், ஐஸ்பெட்டியின் உறைதட்டில் கிடந்து திங்கட்கிழமை கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறினால், நோயில்லாத பிள்ளைக்கும் நோயாளி என்ற முத்திரை விழுந்துவிடும். மாதிரியை உறைய வைக்காதீர்கள் என்று எத்தனையோ முறை எழுதியும் அதே கடிதம் வந்துகொண்டேயிருக்கிறது. தோலிலிருந்து வளர்த்த செல்களில் நொதியை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கூடவே பீட்டா காலக்டோசிடேஸ் என்ற மற்றொரு நொதியையும் அளக்க வேண்டும். இரண்டும் குறைந்திருந்தால், அவற்றைக் காத்து நிற்கும் கதெப்சின் ஏ புரதத்தின் குறையால் வரும் காலக்டோசியாலிடோசிஸ் என்ற வேறு நோயை நினைக்க வேண்டும். சிறுநீரில் சியாலிக் அமிலம் பிணைந்த சர்க்கரைச் சங்கிலிகள் மிகுந்திருப்பதும், மரபணுச் சோதனையும் சேர்ந்த பிறகே முடிவு சொல்லலாம்.

பறவைக்கூட்டில் சியாலிக் அமிலம் உண்டாமே, பிள்ளைக்குக் கொடுக்கலாமா? (தெலுக் இந்தான்)

ஏறத்தாழ 10 விழுக்காடு உண்டு. ஆனால் இந்நோயில் குறைவது அமிலமன்று. அதை வெட்டும் நொதி. அந்தப் பணத்தை மருத்துவமனைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

17 வயது மகளுக்குக் கைகால் திடீர் திடீரென வெட்டியிழுக்கிறது, பார்வையும் மங்குகிறது. படிப்பில் குறையில்லை.

முதல் வகை சியாலிடோசிஸ் இவ்வயதில் இப்படியும் தொடங்கும்; வேறு காரணங்களும் உண்டு. கண் மருத்துவர் விழித்திரையில் செர்ரிச்சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஃபெனிட்டாயின், கார்பமசெப்பின் போன்ற சில வலிப்பு மருந்துகள் இவ்வகை வெட்டியிழுப்பை மிகுவிக்கக்கூடும் என்பதால், பழைய மாத்திரையை நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே உண்பதைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

அக்காள் மகளை மணந்தேன். மூத்த குழந்தைக்கு வந்துவிட்டதால், அடுத்த மூன்றும் தப்பிவிடுமா?

அப்படி யார் சொன்னார்கள்? இருவரும் பழுதான மரபணுவைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியே நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மூத்த குழந்தையின் மரபணு மாற்றத்தை அடுத்த கருவுக்கு முன்பே கண்டறிந்து வைத்தால் கருவிலேயே சோதிப்பது எளிது.