கர்ப்பமாக இருக்கும்போது பப்பாளி, அன்னாசி, திராட்சை சாப்பிட்டால் கரு கலைந்துவிடுமா?

ஏழாவது வாரம், கர்ப்பம் என்று தெரியாமல் பழுத்த பப்பாளி நாலு துண்டு சாப்பிட்டுவிட்டேன், வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள், அன்னாசியும் திராட்சையும்கூட ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தலைப்பிள்ளையாகத்தான் இருக்கும், வீட்டில் பெரியவர்களும் நிறையப் பேர் இருப்பார்கள் என்று கேள்வியிலேயே தெரிகிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த நாலு துண்டால் உங்கள் கருவுக்கு ஒன்றும் ஆகாது. அதற்காக ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். ரத்தக் கசிவோ, விட்டுவிட்டு இழுக்கும் அடிவயிற்று வலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பப்பாளியைத் தொடாதவர்களுக்கும் இதே பேச்சுதான்.

பப்பாளியில் பயப்பட வேண்டியது அதன் பாலுக்கு. காயைக் கீறினால் வடிகிற வெள்ளைப் பாலில் பப்பைன், கைமோபப்பைன் என்று புரதத்தைக் கரைக்கும் நொதிகள் இருக்கின்றன. முற்றிய ஆட்டுக்கறி சீக்கிரம் வேகக் காய்த்துண்டு போடுவது இதனால்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 போன்ற ரகங்களைப் பப்பைனுக்காகவே பயிரிடுகிறார்கள். பால் இறக்குகிறவர்கள் பச்சைக் காயில்தான் கீறல் போடுவார்கள். பழுக்கப் பழுக்கப் பால் வற்றிப்போகும்.

2002இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சினை எலிகளுக்குப் பழுத்த பப்பாளியைக் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டிகளின் எண்ணிக்கையில் குறைவில்லை. காயின் பாலைத் தனியே எடுத்து எலியின் கருப்பைத் தசை மேல் விட்டபோதோ, பிரசவ வலி வரவழைக்க ஏற்றும் ஆக்சிடோசின் சுருக்குவதைப் போலவே தசை சுருங்கியது. எலியில்தானே பார்த்தார்கள் என்று கேட்கலாம். கர்ப்பிணிக்குப் பாலைக் கொடுத்துச் சோதிக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. எனவே காய் வேண்டாம்: கூட்டு, பொரியல், துருவிப் போட்ட சாலட், கறியில் அரைத்து ஊறவைத்தது எல்லாம் பிரசவம் வரை ஒதுக்கிவிடுங்கள். வெந்தால் வீரியம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு வெந்தது என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பழம் வாங்கும்போது தோலில் முக்கால் பங்காவது மஞ்சளாகியிருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். வெட்டினால் விதை முழுக்கக் கறுத்திருக்க வேண்டும், தோலோரத்தில் பால் கசியக்கூடாது. காம்புப் பக்கம் கடைசியாகத்தான் பழுக்கும். அங்கே இரண்டு விரல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு, தோலையும் சற்று கனமாகவே சீவுங்கள். செங்காயாக இருந்தால் இரண்டு நாள் வெளியே வைத்துப் பழுக்க விடுங்கள்.

பாட்டி வைத்தியத்தை மட்டம் தட்ட வந்துவிட்டான் என்று கீழே கருத்து எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காய் ஆகாது என்று பாட்டிமார் சொன்னது முற்றிலும் சரி. அது காலப்போக்கில் பழத்தின் மீதும் ஏறி, அங்கிருந்து கண்ணில் படுகிற பழத்தின் மீதெல்லாம் ஏறிவிட்டது.

அன்னாசியில் உள்ள, புரதத்தைக் கரைக்கும் புரோமலைன் என்ற நொதி பெரும்பாலும் தண்டில்தான் இருக்கிறது. நாம் தின்னும் சதையில் குறைவு, அதிலும் பெரும்பகுதி வயிற்றிலேயே சிதைந்துவிடும். நன்றாகப் பழுத்ததில் இரண்டு மூன்று வில்லை சாப்பிடலாம். நெஞ்செரிச்சல் இருந்தால் விட்டுவிடுங்கள். அரைகுறையாகப் பழுத்தது நாக்கைப் புண்ணாக்கி வயிற்றையும் கலக்கும். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் விஷம் என்று சுற்றி வரும் பேச்சு, மாத்திரையாக அடைத்து விற்கும் அளவைப் பழத்தின் மேல் ஏற்றிச் சொல்வது. கறுப்புத் திராட்சையோ நாவல்பழமோ தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்காது. நிறம் தாய் தகப்பன் மரபணுவோடு முடிந்த கதை.

திராட்சையில் கவனிக்க வேண்டியது மருந்துத் தெளிப்புதான். கொத்தோடு அலசினால் நடுவில் தண்ணீர் போகாது. கத்தரிக்கோலால் சிறு காம்போடு நறுக்கிப் போடுங்கள். காம்பைப் பிய்த்தால் ஓட்டை வழியாக அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பிறகு குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். மேலே படிந்ததில் பெரும்பகுதி போகும். தோலுக்குள் இறங்கியது போகாது.

எனக்குத் தாங்காத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதி, கரு உருவாகும்போதே நேர்ந்த குரோமோசோம் பிழையால் கலைகிறது. தாய் என்ன தின்றாள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பிள்ளையை இழந்து படுத்திருக்கும் பெண்ணிடம் "அன்றைக்கு என்ன தின்னாய்?" என்று விசாரணை நடக்கிறது. ஒரு பழத்தைச் சாட்சியாக்கி அவளை ஆயுள் முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது கொடுமை. உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

இனி, உண்மையாகவே பயப்பட வேண்டியவை. முதலாவது, தெருவில் வெட்டி வைத்த பழமும் ஐஸ் போட்ட ஜூஸும். அசுத்தத் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ என்ற மஞ்சள் காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர்வரை உயிரிழக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பப்பாளியைக் கண்டு பதறும் வீடுகளில் ரோட்டோர சர்பத்துக்குத் தடையில்லை. அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று விற்பவருக்கே தெரியாது.

இரண்டாவது, லிஸ்டீரியா என்ற கிருமி. ஃபிரிட்ஜுக்குள்ளும் வளரும், கருவைத் தாக்கும். 2011இல் அமெரிக்காவில் முலாம்பழம் வழியாகப் பரவி 147 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள், ஒரு கரு கலைந்தது. சொரசொரப்பான தோலில் கிருமி ஒட்டியிருக்கும். கத்தி அதைச் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். தோலை எறியத்தானே போகிறோம் என்று கழுவாமல் வெட்டாதீர்கள். ஓடும் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, மீன் நறுக்காத கத்தியால் வெட்டுங்கள். வெட்டியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். காய்ச்சலோடு உடம்புவலி வந்தால் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள்.

மாம்பழ சீசனில், காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கப் போடும் கார்பைடு கல். 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை செய்யப்பட்டது, ஆனாலும் மண்டிகளில் பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். மேலே ஒரே சீராக மஞ்சள், மணமே இல்லை, உள்ளே கெட்டி என்றால் வாங்காதீர்கள். எத்திலீன் வாயுவில் பழுக்க வைப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு பரவி விலை சரிந்தது. தப்பேதும் செய்யாத விவசாயிகள் தெருவுக்கு வந்து போராட வேண்டியதாயிற்று. ஆதாரமில்லாத ஒரு வீடியோவால் ஒரு பருவ உழைப்பே போய்விட்டது.

பிறகு சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். அப்போதும் பழத்தை நிறுத்த வேண்டாம், அளவை மாற்றுங்கள். 100 கிராமில் மாவுச்சத்து தர்பூசணியில் 8 கிராமுக்குள், பப்பாளியில் 11, கொய்யாவில் 14, திராட்சையில் 18, சப்போட்டாவில் 20, பலாச்சுளையில் 23. சாப்பாட்டோடு சேர்க்காமல் காலை 11 மணிக்கோ மாலை 4 மணிக்கோ 100 கிராம், கடித்துத்தான் சாப்பிட வேண்டும். ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸுக்கு மூன்று நாலு பழம் போகும்; நார்ச்சத்து சக்கையோடு குப்பைக்குப் போகும்.

மூன்று மாதம் முடிந்து இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதும் அதனோடு அரைக் கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ சாப்பிடுங்கள். வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். டீ, காபிக்கு ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள்.

சிலருக்கு மட்டும் பொருந்துவது: ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின் சாப்பிடுபவர்கள் பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனத்துப் பழம்) தொடக்கூடாது, மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நட்சத்திரப்பழம் ஆகாது. ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிப்பு வருபவர்களுக்குப் பப்பாளி, வாழை, அவகாடோவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படி இருந்தால் பதிவு அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள், பிரசவ அறையில் கையுறை மாட்டுபவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.